சளி, ஊசி, நெஞ்சு நீர்: நுரையீரல் புற்றுநோய்க்கான செல் பரிசோதனை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் ஒரு பேத்தாலஜி லேபில் ஸ்லைடு தயாரிக்கும் டெக்னீஷியனாக 26 வருஷம் இருந்தேன். சாம்பிள் வாங்கும் சின்ன ஜன்னலுக்கு உள்பக்கம் என் நாற்காலி. டாக்டரிடம் கேட்கத் தயங்கிய கேள்வியெல்லாம் அந்த ஜன்னலுக்கு வரும். “அக்கா, ஒண்ணு கேக்கலாமா?” என்றுதான் ஆரம்பிப்பார்கள். அவற்றில் நுரையீரல் சம்பந்தப்பட்டதை மட்டும் இங்கே எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. ரிப்போர்ட் எழுதுபவர் பேத்தாலஜி டாக்டர், வைத்தியத்தை முடிவு செய்பவர் உங்களைப் பார்க்கும் டாக்டர். சாம்பிள் எப்படி வருகிறது, எங்கே கெடுகிறது, கண்ணாடியில் என்ன தெரிகிறது என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியும்.

செல் பரிசோதனையும் பயாப்ஸியும் ஒன்றா?

இரண்டும் வேறு. கொண்டலாம்பட்டிப் பக்கம் தறி ஓட்டும் ஒருவருக்கு நான் சொன்ன பதில் இது: துணியிலிருந்து உதிர்ந்த இழைகளைக் கையில் கொடுத்தால் அது பட்டா பருத்தியா, சாயம் ஒழுங்காக ஏறியிருக்கிறதா என்று நீங்கள் சொல்லிவிடுவீர்கள். நெசவு எப்படி, கரை எப்படி என்று சொல்ல வேண்டுமென்றால் ஒரு துண்டு வெட்டிக் கொடுக்க வேண்டும். செல் பரிசோதனை இழை பார்ப்பது, பயாப்ஸி துண்டு பார்ப்பது. ஜனங்கள் ‘சதை டெஸ்ட்’ என்று சொல்வது பயாப்ஸியைத்தான்.

நுரையீரலிலிருந்து செல்கள் கிடைக்க நாலைந்து வழி உண்டு. தானாக இருமித் துப்பும் சளி, ப்ராங்கோஸ்கோபி குழாய் வழியாகக் கழுவியோ பிரஷ்ஷால் தேய்த்தோ எடுப்பது, நெஞ்சுக்கூட்டில் சேர்ந்த நீர், சி.டி. ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசி போட்டு உறிஞ்சுவது, கழுத்தில் நெறி கட்டியிருந்தால் அதிலிருந்து உறிஞ்சுவது. ஊசி போட்டு உறிஞ்சுவதைத்தான் சீட்டில் எஃப்.என்.ஏ.சி. என்று எழுதுவார்கள்.

சளி கொடுக்கச் சொன்னார்கள். எப்படிக் கொடுப்பது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் மெனக்கெடுவேன். முழுப் பரிசோதனையும் இங்கேதான் தேறுகிறது அல்லது தோற்கிறது.

காலையில் எழுந்ததும் முதல் சளி. அதற்கு முன் வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளித்துவிடுங்கள். முந்தின ராத்திரி சாப்பிட்ட சோற்றுத் துணுக்கு ஸ்லைடில் வந்தால் அதைப் பார்த்து நாங்கள்தான் குழம்ப வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சை நன்றாக இழுத்து, அடிநெஞ்சிலிருந்து இருமி வருவதைத் துப்ப வேண்டும். தொண்டையைக் கனைத்துத் துப்புவது எச்சில், அதில் நுரையீரல் இல்லை. இப்படி மூன்று நாள், மூன்று காலை, மூன்று தனித்தனி டப்பா. ஒரே நாளில் மூன்று டப்பாவையும் நிரப்பிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. மூன்று நாள் கேட்பதற்குக் காரணம், கட்டியிலிருந்து தினமும் செல் உதிராது.

டப்பாவை லேபிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஒருமுறை ஏற்காட்டிலிருந்து ஒரு பெரியவர் சளியை ஊறுகாய் பாட்டிலில் கொண்டுவந்தார். கழுவித்தான் இருந்தார், ஆனால் எண்ணெய் போகவில்லை. செல் ஒன்றுகூடக் கண்ணாடியில் ஒட்டவில்லை. அந்த 20 கொண்டை ஊசி வளைவையும் அவர் மறுபடி ஏறி இறங்க வேண்டியதாயிற்று. மலையிலிருந்து வருகிறவர்கள் முன்கூட்டியே சொன்னால் ஆல்கஹால் கலந்த திரவம் ஊற்றிய டப்பாவைத் தருவார்கள். அதில் துப்பினால் செல் அழுகாது, மதியம் வரை தாங்கும்.

ஆனால் ஒன்று: டி.பி. கிருமிக்குப் பார்க்கும் சளி வேறு டப்பா. அதில் ஆல்கஹால் கூடாது. இரண்டு சீட்டு இருந்தால் எந்த டப்பா எதற்கு என்று கேட்டு எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

சளியே வரவில்லை என்றால் உப்புத் தண்ணீர்ப் புகை பிடிக்க வைத்து வரவழைப்பார்கள். ஆஸ்பத்திரியில் நெபுலைசர் என்பார்கள். வராத சளிக்குப் பதிலாக எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டுப் போவதுதான் கூடாது.

எச்சிலா சளியா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

நுரையீரலின் காற்றறைகளில் குப்பை பெருக்கும் செல்கள் இருக்கின்றன. நாம் இழுக்கும் தூசி, புகைக்கரியை விழுங்கி வயிற்றில் வைத்துக்கொண்டு திரியும். மைக்ராஸ்கோப்பில் கரும்புள்ளி நிறைந்த உருண்டைகளாகத் தெரியும். அவை இருந்தால் சாம்பிள் ஆழத்திலிருந்து வந்திருக்கிறது. அவை இல்லாமல் வாயின் உள்தோல் செல்கள் மட்டும் தகடு தகடாகக் கிடந்தால் அது எச்சில். விறகடுப்பில் சமைத்த பெண்களின் ஸ்லைடிலும் கரி விழுங்கிய செல்கள் நிறைய இருக்கும். பீடியே பிடிக்காதவர் என்று சீட்டில் இருக்கும், ஸ்லைடு வேறு கதை சொல்லும்.

சளி டெஸ்ட் நெகட்டிவ் என்று வந்துவிட்டது. அப்படியென்றால் புற்றுநோய் இல்லைதானே?

இல்லை என்று சொல்ல முடியாது. ‘இந்தச் சாம்பிளில் இல்லை’ என்றுதான் அதற்கு அர்த்தம்.

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது பானைக்குச் சரி. பானை முழுக்க ஒரே நெருப்பில் ஒரே மாதிரி வேகிறது. நுரையீரல் அப்படி இல்லை. கட்டி பெரிய மூச்சுக்குழாய்க்கு ஒட்டி நடுவில் இருந்தால் செல்கள் உதிர்ந்து சளியோடு மேலே வரும். ஓரத்தில் விலா எலும்புக்குப் பக்கத்தில் இருந்தால் வருவது அரிது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்குத்தான் சளியில் பிடிபடுகிறது. நடுவில் உள்ள கட்டி என்றால் கொஞ்சம் கூடும், ஓரத்துக் கட்டி என்றால் பாதிக்கும் குறைவு. அதே சமயம் ‘பாசிட்டிவ்’ என்று எழுதினால் அது தவறுவது மிகவும் அபூர்வம். ஆக, இந்தப் பரிசோதனை ‘உண்டு’ என்று சொன்னால் நம்பலாம். ‘இல்லை’ என்று சொன்னால் மேற்கொண்டு தேட வேண்டும்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் சித்தப்பா ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் மேஸ்திரி. இருமல், எடை குறைவு, எக்ஸ்ரேயில் மேல்பக்கம் நிழல். சளியை நானே வாங்கி, நானே சாயம் போட்டேன். ‘புற்று செல்கள் காணப்படவில்லை’ என்று ரிப்போர்ட் போயிற்று. “ஒண்ணுமில்லையாம்” என்று வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி, எனக்கும்தான். கிருமி எதுவும் கிடைக்காமலேயே, நிழல் இருக்கிறதே என்று டி.பி. மாத்திரை ஆரம்பித்தார்கள். ஐந்து மாதம் கழித்து அவர் கழுத்தில், காரை எலும்புக்கு மேலே, நெல்லிக்காய் அளவில் ஒரு நெறி. அதில் ஊசி போட்டு எடுத்த சாம்பிளையும் நான்தான் சாயம் போட்டேன். பேத்தாலஜி டாக்டர் பார்ப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. செல்கள் எல்லாம் பளீரென்று ஆரஞ்சு நிறம்.

அன்று சாயங்காலம் அந்தப் பழைய சளி ஸ்லைடுகளைத் தேடி எடுத்துப் பார்த்தேன். மூன்றிலும் கரி விழுங்கிய செல் ஒன்றுகூட இல்லை. வெறும் எச்சில். ‘காணப்படவில்லை’ என்று எழுதியது பொய் இல்லை. ஆனால் எழுதியிருக்க வேண்டியது ‘சாம்பிள் போதாது, திரும்ப அனுப்பவும்’ என்பது. அதைச் சொல்லியிருக்க வேண்டியவர்களில் நானும் ஒருத்தி.

அதனால் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் முதலில் ‘சாம்பிள் போதுமானதா’ என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இல்லை என்றால் கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்தாலும் கேளுங்கள்.

டி.பி. மாத்திரை சாப்பிட்டும் குணமில்லை. புற்றுநோயாக இருக்குமா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எக்ஸ்ரேயில் இரண்டும் ஒரே மாதிரி நிழலாக விழும். இருமல், இளைப்பு, சளியில் ரத்தம் எல்லாம் இரண்டுக்கும் பொது. நம் நாட்டில் டி.பி. அதிகம் என்பதால் முதலில் அதைச் சந்தேகிப்பது தப்பில்லை. சந்தேகத்தோடு நின்றுவிடுவதுதான் தப்பு. சளியில் கிருமி கிடைத்ததா, டி.பி. கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் டெஸ்ட் எடுத்தார்களா என்று கேளுங்கள். கிருமி கிடைக்காமலேயே மாத்திரை ஆரம்பித்து, இரண்டு மாதத்தில் எடையும் ஏறாமல் நிழலும் குறையாமல் இருந்தால் சி.டி. ஸ்கேன், செல் பரிசோதனை பற்றி டாக்டரிடம் பேசுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். இரண்டு நோயும் ஒரே ஆளுக்கு ஒன்றாக இருப்பதும் உண்டு.

ப்ராங்கோஸ்கோபி வலிக்குமா?

வலியைவிடத் திணறல்தான் அதிகம். மூக்கு அல்லது வாய் வழியாக வளையும் மெல்லிய குழாயை மூச்சுக்குழாய்க்குள் விடுகிறார்கள். தொண்டையை மரத்துப்போக வைத்து, பெரும்பாலும் தூக்க மருந்தும் கொஞ்சம் கொடுப்பார்கள். முன்பாக ஆறு மணி நேரம் சாப்பாடு கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். முடிந்த பிறகு தொண்டை மரப்பு போகும் வரை காப்பி தண்ணி எதுவும் வேண்டாம், புரையேறிவிடும். ஒரு நாள் சளியில் லேசாக ரத்தக்கோடு வந்தால் பதற வேண்டியதில்லை. நிற்காமல் வந்தால் உடனே போய்விடுங்கள்.

குழாயின் நுனியிலேயே ஸ்கேன் கருவி பொருத்தி, மூச்சுக்குழாய்ச் சுவருக்கு அப்பால் உள்ள நெறிகளில் ஊசி போட்டு எடுக்கும் முறை ஒன்று உண்டு, ஈபஸ் என்பார்கள். நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க இது நல்ல வழி. எல்லா ஊரிலும் இருக்காது.

கட்டியில் ஊசி குத்தினால் புற்று பரவிவிடும் என்கிறார்களே?

சேலம் மாவட்டத்தில் இதைச் சொல்லாத மாமியார் இல்லை என்று நினைக்கிறேன். ஊசி போன தடத்தில் புற்று வளர்ந்ததாகப் பதிவான சம்பவங்கள் மிக மிக அரிது. ஊசி போட்ட பிறகு நோய் முற்றியதைப் பார்த்தவர்கள் ஊசியைக் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் ஊசிக்கே வெகு தாமதமாக வந்தவர்கள். எந்தப் புற்று என்று தெரியாமல் கீமோ எதையும் ஆரம்பிக்க முடியாது.

பயப்பட வேண்டியது வேறொன்று இருக்கிறது. நெஞ்சு வழியாகக் குத்தும்போது நுரையீரல் உறையில் துளை விழுந்து காற்று கசியலாம். 100 பேரில் ஏறக்குறைய 20 பேருக்கு இது நடக்கிறது. பெரும்பாலோருக்குத் தானாகவே அடைந்துவிடும், ஏதோ ஐந்தாறு பேருக்குக் குழாய் போட்டுக் காற்றை எடுக்க வேண்டிவரும். அதனால்தான் சில மணி நேரம் படுக்க வைத்து, திரும்ப எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து அனுப்புகிறார்கள்.

மலைக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஊசி போட்ட அன்று சாயங்கால பஸ்ஸைப் பிடித்து ஏற்காடு ஏறாதீர்கள். மேலே போகப்போகக் காற்றழுத்தம் குறையும், நெஞ்சுக்கூட்டில் கசிந்த காற்று இருந்தால் அது விரியும். ராத்திரி மூச்சு முட்டினால் கீழே இறங்கி வருவதற்குள் பெரும்பாடு. அன்று சேலத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள், எப்போது ஏறலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நெஞ்சில் நீர் கோர்த்திருக்கிறது. அதில் தெரியுமா?

தெரியலாம். புற்றால் சேர்ந்த நீராக இருந்தால் முதல் தடவையிலேயே 10 பேரில் சுமார் 6 பேருக்குச் செல் கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் இன்னொரு தடவை எடுத்து அனுப்புவார்கள். டி.பி., இதயக் கோளாறு இவற்றாலும் நீர் கோர்க்கும் என்பதால் நீர் இருந்தாலே புற்று என்று முடிவு கட்ட வேண்டாம்.

இரண்டு மில்லி சிரிஞ்சில் கொஞ்சம் எடுத்து அனுப்பிவிட்டு மிச்சத்தைக் கொட்டிவிடுவார்கள். எனக்கு இதில் தீராத மனக்குறை. குறைந்தது 50 மில்லியாவது அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அதைச் சுழற்றி அடியில் தங்கும் செல்களைத் திரட்டி மெழுகுக் கட்டியாக்கி வைக்கலாம், செல் பிளாக் என்று பெயர். பிறகு எத்தனை டெஸ்ட் வேண்டுமானாலும் அதிலிருந்து சீவிப் பார்க்கலாம். நீரில் நுரையீரல் புற்றின் செல் இருப்பது உறுதியானால் நோய் நான்காம் நிலை என்றுதான் கணக்கு. அதை ஜன்னலில் நின்று யாரிடமும் நான் சொன்னதில்லை. டாக்டர் உட்கார வைத்துச் சொல்ல வேண்டிய விஷயம்.

கழுத்து நெறியில் எடுத்தால் போதுமா?

பல சமயம் போதும். ஐந்து நிமிஷ வேலை, மெல்லிய ஊசி, மயக்க மருந்து வேண்டாம். நெஞ்சைக் குத்துவதற்கு முன் கழுத்தைத் தடவிப் பார்க்கும் டாக்டர் கெட்டிக்காரர்.

ரிப்போர்ட்டில் ‘அட்டிப்பிக்கல்’, ‘சஸ்பீஷியஸ்’ என்று இருக்கிறது. ஏன் தெளிவாகச் சொல்லவில்லை?

மழுப்புவதாக நினைக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் நுரையீரல் செல் பரிசோதனைக்கென்று ஐந்து வகை ரிப்போர்ட்டை வகுத்தது: போதாத சாம்பிள், கெடுதல் இல்லாதது, இயல்பு மாறியது, புற்று என்று பலமாகச் சந்தேகிப்பது, புற்று. நீங்கள் சொன்ன இரண்டும் மூன்றாவதும் நான்காவதும். கடுமையான நிமோனியா, டி.பி. புண், ரேடியேஷன் இவற்றால் அடிபட்ட செல்களும் புற்றுச் செல் போலவே முகத்தைக் காட்டும். அந்த இடத்தில் பேத்தாலஜி டாக்டர் தயங்குவது உங்கள் நன்மைக்குத்தான். ‘சஸ்பீஷியஸ்’ என்று வந்த பிறகு அடுத்த சாம்பிளுக்கு மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது மட்டும் கூடாது.

புற்று என்று சொல்லிவிட்டார்கள். பிறகு எதற்கு மறுபடி சாம்பிள் கேட்கிறார்கள்?

முன்பெல்லாம் ‘சிறு செல் புற்றா, மற்றதா’ என்று சொன்னால் போதும். சிறு செல் வகை கிடுகிடுவென்று பரவும், பெரும்பாலும் ஆபரேஷனுக்குப் போகாமல் கீமோவில் ஆரம்பிப்பார்கள். ஸ்லைடில் செல்களின் உட்கருவெல்லாம் ஒன்றையொன்று இடித்து நெருக்கிக்கொண்டு நிற்கும், தொட்டால் நசுங்கும். மற்றதில் ஸ்குவாமஸ், அடினோ என்று இரண்டு பெரிய பிரிவு. என் சித்தப்பா ஸ்லைடில் பார்த்த ஆரஞ்சு நிறம் ஸ்குவாமஸின் அடையாளம். தோல் செல்லில் இருக்கும் கெரட்டின் அந்தச் சாயத்தை இழுத்துக்கொள்ளும். அந்தச் சாயமுறையைக் கொடுத்தவர் கிரேக்கத்தில் பிறந்து நியூயார்க்கில் வேலை பார்த்த ஜார்ஜ் பாபனிகோலோ. கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குச் செய்யும் பாப் டெஸ்ட் அவர் பெயரால் வந்ததுதான்.

இப்போது அடினோ என்று தெரிந்தால் ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. போன்ற மரபணுக்களில் மாற்றம் இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். இருந்தால் அதற்கென்றே மாத்திரை இருக்கிறது. ஆசியர்களிடம், அதிலும் புகை பிடிக்காதவர்களிடம், ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் கூடுதலாகக் காணப்படுகிறது. இத்தனை டெஸ்டுக்கும் செல் வேண்டும். முதலில் எடுத்தது ஒரே ஒரு ஸ்லைடு என்றால் திரும்பக் குத்தத்தான் வேண்டும். முதல் தடவையே செல் பிளாக்குக்கும் சேர்த்து எடுக்கச் சொல்லிக் கேளுங்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

பீடி, சிகரெட் தொட்டதே இல்லை. எப்படி வந்தது?

புகையிலைதான் பெரிய காரணம், ஆனால் ஒரே காரணம் இல்லை. அடுத்தவர் விடும் புகை, விறகடுப்புப் புகை, கல் உடைக்கும் இடத்துச் சிலிக்கா தூசி, ஆஸ்பெஸ்டாஸ், காட்மியம் எல்லாம் கணக்கில் வரும். கேடிஎம் என்று நகைக்கடையில் சொல்வார்களே, அது காட்மியம் கலந்த பற்று. அப்படிப்பட்ட பற்றை உருக்கும் பட்டறையில் வேலை பார்த்திருந்தால் அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. முன்ஜாக்கிரதையாகச் சளி டெஸ்ட் எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். 1970-களில் அமெரிக்காவில் புகை பிடிப்பவர்களுக்கு வருஷா வருஷம் எக்ஸ்ரேயோடு சளி டெஸ்டும் எடுத்துப் பார்த்தார்கள். அதனால் சாவு குறையவில்லை. 2011-ல் வெளியான பெரிய ஆய்வில், குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் நுரையீரல் புற்று மரணத்தை 20 சதவீதம் குறைத்தது. அதுவும் தினம் ஒரு பாக்கெட் வீதம் 30 வருஷத்துக்குச் சமமாகப் புகைத்த, 55 வயது தாண்டியவர்களிடம். நம் ஊரில் பழைய டி.பி. தழும்பு பலருக்கு இருப்பதால் ஸ்கேனில் வீண் பயம் கிளம்புவதும் அதிகம். டாக்டரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

எத்தனை நாள் ஆகும்? செலவு?

சாதாரண ஸ்லைடு இரண்டு மூன்று நாளில். செல் பிளாக்கும் அதன் கூடுதல் சாயங்களும் ஒரு வாரம் இழுக்கும். மரபணு டெஸ்ட் இன்னும் கூடுதல் நாள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நெஞ்சக நோய்ப் பிரிவும் பேத்தாலஜியும் ஒரே வளாகத்தில் இருப்பது பெரிய வசதி. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் ரேஷன் கார்டு நகலையும் முதல் நாளே கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்குத் தெரியாமல் ரிப்போர்ட்டை எங்களிடம் கொடுக்க முடியுமா?

ஜன்னலில் என்னைத் தடுமாற வைத்த கேள்வி இதுதான். மகன் ஒரு பக்கம் கண்ணைக் காட்டுவார், பெரியவர் பெஞ்சில் துண்டை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நோய் அவருடையது, கேட்டால் அவரிடம் மறைக்க எனக்கு உரிமை இல்லை என்று சொல்லிவிடுவேன். டாக்டர் அறைக்கு இருவரும் சேர்ந்தே போங்கள் என்பேன். முக்கால்வாசிப் பேருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும், பிள்ளைகள் பயப்படுவார்களே என்று பேசாமல் இருப்பார்கள்.

வேறு ஊரில் இன்னொரு டாக்டரிடம் காட்டலாமா? ஸ்லைடைத் தருவார்களா?

காட்டலாம். எழுதிக் கேட்டால் தருவார்கள். அடையாறு மாதிரி பெரிய புற்றுநோய் மருத்துவமனைக்குப் போனால் அங்கே முதலில் கேட்பதே ஸ்லைடையும் பிளாக்கையும்தான். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. ஸ்லைடைப் பிளாஸ்டிக் பெட்டியில் வாங்கிக்கொள்ளுங்கள், கைக்குட்டையில் சுற்றினால் உடையும். பிளாக் என்பது மெழுகு. சித்திரை வெயிலில் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்தால் இளகிவிடும். ஒவ்வொன்றிலும் எழுதியிருக்கும் எண் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று ஜன்னலை விட்டு நகர்வதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.